எரியறதைப் பிடுங்கினா கொதிக்கறது அடங்குமா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை. மருத்துவ வரலாறு படிக்கிறது எனக்கு ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு யாரும் எந்த மாத்திரையையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

வயிற்றில் புற்றுநோய் என்று காதில் விழுந்ததும் நம்ம மனசுக்கு வருவது ஒரே படம்தான். கத்தி, தையல், கொட்டிப் போன முடி, குழாய் வழியா கஞ்சி. அப்படிப்பட்ட இடத்தில் வருகிற ஒரு வகைப் புற்று, ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டே முக்கால்வாசிப் பேருக்குக் கரைஞ்சு போயிடுது என்று சொன்னால் நம்புவீங்களா? 1985 வாக்கில் யாராவது ஒரு டாக்டரிடம் போய் இதைச் சொல்லியிருந்தால், உங்களைத்தான் வேற டாக்டரிடம் அனுப்பியிருப்பார் :-)

எந்தப் புற்று என்று முதலில் தெளிவாச் சொல்லிடணும், இல்லேன்னா குழப்பம் வரும். இரைப்பையில் வருகிற புற்றுகளில் பெரும்பாலானவை அதன் உள்சுவர்ச் சுரப்பிகளிலிருந்து கிளம்புகிற சாதாரண இரைப்பைப் புற்று. அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. அதுக்கு இன்னிக்கும் அறுவை சிகிச்சைதான் முதல் வைத்தியம். நான் சொல்றது லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்று. நம்ம உடம்பைக் காவல் காக்கிற வெள்ளையணுக்களே கெட்டுப்போய்ப் பெருகுகிற நோய். வழக்கமா கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டினாப்போல வரும். நெறிகளுக்கு வெளியே அது அதிகமா குடியேறுகிற இடம் எதுன்னு பார்த்தா, இரைப்பைதான். அதிலும் மால்ட் லிம்ஃபோமா என்று ஒரு வகை இருக்கு. ரொம்ப மெதுவா, ஆமை மாதிரி நகரும். மேல்வயிற்றில் வலி, நெஞ்சு கரிப்பு, பசியின்மை, இவ்வளவுதான் அறிகுறி. ஜெலுசில் குடிச்சா சரியாப்போயிடும்னு வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிற ரகம். எண்டோஸ்கோப்பி போட்டு, ஒரு துணுக்கு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதை எப்படி வைத்தியம் பார்த்தாங்க? வேற என்ன, வெட்டித்தான்.

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடோர் பில்ரோத் என்கிற அறுவை நிபுணர் ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்று இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைத்தார். இது வெற்றி பெற்ற முதல் இரைப்பை அறுவை என்று பேர் வாங்கியது. அந்தப் பெண் அறுவையிலிருந்து தேறி எழுந்தார், ஆனால் நாலு மாசம் போல கழித்து நோய் திரும்ப வந்து இறந்துபோனார். அதுக்கப்புறம் சுமார் நூறு வருஷத்துக்கு, இரைப்பையில் எந்தக் கட்டி வந்தாலும் பில்ரோத் காட்டின வழிதான். லிம்ஃபோமாவுக்கும் அதுவேதான். இதில் ஒரு நியாயமும் இருந்தது. எண்டோஸ்கோப்பி பரவலாகும் வரை வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன கட்டின்னே தெரியும். திறந்தாச்சு, கட்டி கண் முன்னாடி இருக்கு, வெட்டாம மூடறதுக்கு யாருக்கு மனசு வரும்?

இரைப்பையை எடுத்துட்டா வாழ்க்கை எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு நேரத்துக்கு ரெண்டு இட்லிக்கு மேல இறங்காது. இறங்கின சாப்பாடு மளமளன்னு குடலுக்குள்ள ஓடிப்போய், வேர்த்துக் கொட்டி, மயக்கம் வரும். பி12 சத்தை உறிஞ்சுவதற்குத் தேவையான பொருளை இரைப்பைதான் சுரக்குது என்பதால், முழுசா எடுத்தவங்களுக்கு ஆயுசு பூரா பி12 ஊசி வேணும். உடம்பு இளைக்கும். உயிர் பிழைக்கிறதுக்கு இதையெல்லாம் கொடுக்கலாம் என்பது சரிதான். கொடுக்க வேண்டிய அவசியமே இல்லைன்னா?

கதை அங்கேதான் திரும்புது. திருப்பினவங்க அறுவை நிபுணர்கள் இல்லை. நோயாளியின் முகத்தையே பார்க்காமல், கண்ணாடித் தகட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நோய்க்கூறு நிபுணர்கள், அதாவது பேத்தாலஜிஸ்ட்கள்.

இவங்களுக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். இரைப்பையிலிருந்து எடுத்த சில கட்டிகள் பார்க்க லிம்ஃபோமா மாதிரி இருக்கும். ஆனால் நோயாளி பாட்டுக்குப் பல வருஷம் நல்லா இருப்பார். புற்றுன்னா இப்படி சாதுவா இருக்காதேன்னு சொல்லி, அதுக்கு 'போலி லிம்ஃபோமா'ன்னு ஒரு பேர் வைத்து அலமாரியில் போட்டு வைத்தாங்க. பெயர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி, இல்லையா?

1983-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்று இரண்டு பேத்தாலஜிஸ்ட்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. இதில் ரைட் 1960-களில் உகாண்டாவின் கம்பாலாவில் வேலை பார்த்தவர், அங்கே குழந்தைகளின் தாடையில் வருகிற பர்கிட் லிம்ஃபோமாவை ஆராய்ந்தவர். லிம்ஃபோமா என்பது ஊருக்கு ஊர், உறுப்புக்கு உறுப்பு வேற வேற முகம் காட்டும் என்பது இவருக்குப் புதுசு இல்லை. இவங்க இரண்டு பேரும் என்ன சொன்னாங்கன்னா, குடல் போன்ற ஈரமான உட்சுவர்களில் கிருமிகளைக் காவல் காக்க என்றே தனியா ஒரு நிணநீர்த் திசு இருக்கு. இந்த சாதுவான புற்று அந்தத் திசுவைப் பார்த்து அச்சடித்த மாதிரி இருக்கு. ஆகவே இது நெறிகளில் வரும் லிம்ஃபோமாவிலிருந்து வேறுபட்ட ஒரு தனி ஜாதி. அந்தத் திசுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் மால்ட். போலி என்று ஒதுக்கின கட்டிகளில் பலதும் நிஜமான புற்றுதான், ஆனால் மெதுவான புற்று என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாச்சு.

எல்லாம் சரி, இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? அந்தக் காவல் திசு குடலில் இருக்கு. இரைப்பையில் கிடையாது! ஆரோக்கியமான இரைப்பையில் அது இல்லவே இல்லை. இல்லாத திசுவிலிருந்து புற்று எப்படி முளைக்கும்? கிணறே இல்லாத வீட்டில் தவளை எப்படி வந்தது?

இதுக்கு விடை உலகத்தின் இன்னொரு கோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அப்பவே இருந்தது. அங்கேயும் ஒரு பேத்தாலஜிஸ்ட்தான். ராபின் வாரன். 1979 ஜூன் 11, தன்னோட 42வது பிறந்தநாள் அன்று, ஒரு இரைப்பைத் துணுக்கின் மேல் நீலமா ஒரு கோடு போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் வளைந்த பாக்டீரியாக்கள். அவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பாடப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1981-இல் பாரி மார்ஷல் என்கிற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துக் காட்டலாம்னு பார்த்தா வளரவே மாட்டேங்குது. வழக்கப்படி இரண்டு நாளில் தகட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாங்க. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தகடுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கு! (லீவு விடுவதால் அறிவியல் வளரும் என்பதற்கு இதைவிட சாட்சி வேணுமா, எங்க மேனேஜர் இதைப் படிக்கணும் :-)) 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, வாந்தியும் வாய் நாற்றமுமா அவதிப்பட்டு, தன் இரைப்பை புண்பட்டு வீங்கினதை எண்டோஸ்கோப்பியில் நிரூபித்த கதையை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அதனால் நான் அதிகம் சொல்லலை. அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும் மட்டும் இல்லை, இந்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்று உலகம் ஒத்துக்கொள்ள இன்னும் பத்து வருஷம் ஆச்சு. 2005-இல் இருவருக்கும் நோபல். வாரன் 2024-இல் காலமானார்.

இப்ப ரெண்டு முனையையும் முடிச்சுப் போடணும். ஹெ. பைலோரி குடியேறின இரைப்பையில், அதை எதிர்த்துப் போராட உடம்பு புதுசா காவல் திசுவை அங்கே கட்டிக்கொள்ளும். 1980-களின் பிற்பகுதியில் இதைப் பல பேர் பார்த்துச் சொன்னாங்க. அதாவது திருடன் வந்தப்புறம் போலீஸ் ஸ்டேஷன் கட்டியிருக்காங்க. அந்த ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் தறிகெட்டுப் போனதுதான் மால்ட் லிம்ஃபோமா. 1991-இல் ஐசக்சன் குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ வாதர்ஸ்பூன் முதலானோர் 110 நோயாளிகளின் இரைப்பை மால்ட் லிம்ஃபோமா துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். 92 சதவீதத்தில் கிருமி இருந்தது.

இந்த நேரத்தில் வட கிழக்கு இத்தாலியில் ஃபெல்ட்ரே என்று மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் உள்ளே வருது. அங்கே இரைப்பை லிம்ஃபோமா இங்கிலாந்தை விடப் பல மடங்கு அதிகம் என்று அந்த ஊர் டாக்டர்கள் லண்டன் குழுவோடு சேர்ந்து 1992-இல் எழுதினாங்க. கிருமியும் அங்கே ஜாஸ்தி. பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் இருக்க, இந்த ஊர் ஆஸ்பத்திரிதான் அடுத்த கட்டத்துக்குக் களம் ஆச்சு என்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அதே 1992-இல் இன்னொன்று. வெட்டி எடுத்த இரைப்பைகளை அங்குலம் அங்குலமா அறுத்து வரைபடம் போட்டுப் பார்த்தாங்க. கண்ணுக்குத் தெரியும் கட்டிக்கு ரொம்ப தூரத்தில், நல்லா இருக்கிற மாதிரி தெரிகிற இடங்களிலும், பொடிப்பொடியா லிம்ஃபோமா இருந்தது. இதன் அர்த்தம் புரியுதா? பாதி இரைப்பையை வெட்டினா பத்தாது. அறுவை சிகிச்சையின் தர்க்கப்படி போனால், முழு இரைப்பையையும் எடுக்கணும். ஆமைவேகத்தில் போகிற ஒரு நோய்க்கு முழு இரைப்பையும் காவு! நல்ல வேளை, அந்தத் தர்க்கம் முழு வேகம் எடுக்கறதுக்குள்ள 1993 வந்துட்டது.

1993-இல் இரண்டு கட்டுரைகள், இரண்டுமே லான்செட் இதழில். முதலாவது சோதனைக்கூட வேலை. ட்ரேசி ஹஸல் முதலானோர் மூன்று நோயாளிகளின் கட்டி அணுக்களை எடுத்து, கொல்லப்பட்ட ஹெ. பைலோரியோடு சேர்த்து வளர்த்தாங்க. அணுக்கள் பெருகின. ஆனால் எல்லா ரகக் கிருமிக்கும் இல்லை. ஒவ்வொருத்தர் கட்டியும் ஒரு குறிப்பிட்ட ரகத்துக்குத்தான் அசைஞ்சு கொடுத்தது. இன்னும் அழகு என்னன்னா, கட்டிக்குள் கலந்திருந்த டி அணுக்களை நீக்கிட்டா, புற்றான பி அணுக்கள் பெருகவே இல்லை. கிருமியைப் பார்த்து டி அணு 'விடாதே, பிடி'ன்னு கூவும், அந்தக் கூச்சலைக் கேட்டு பி அணு பெருகும். கூவ ஆள் இல்லேன்னா புற்று சும்மா உட்கார்ந்திருக்கு. புற்றுநோய் என்றால் சொல்பேச்சு கேட்காத அணு என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தாங்க? இது இன்னும் பழைய எஜமான் சொல்றதைக் கேட்கிற புற்று.

நம்ம கிராமத்துப் பழமொழி இருக்கே, எரியறதைப் பிடுங்கினா கொதிக்கறது அடங்கும்னு. அதைத்தான் இரண்டாவது கட்டுரையில் செஞ்சு பார்த்தாங்க. வாதர்ஸ்பூன், ஃபெல்ட்ரேயின் தோல்யோனி, தெ போனி, ஐசக்சன் முதலானோர். ஆறே ஆறு நோயாளிகள். ஆறு பேருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். ஐந்து பேருக்கு அடுத்தடுத்த துணுக்குகளில் லிம்ஃபோமா இல்லை!

ஆறு பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. சந்தேகப்படுவது நியாயம். 1995-இல் ஜெர்மனியில் பயர்டார்ஃபர் குழு 33 பேருக்குச் செய்தது. 23 பேருக்கு முழுசா மறைந்தது. அப்புறம் வரிசையா பல நாடுகள். 2010-இல் இத்தாலியின் ஸுல்லோ முதலானோர் 32 ஆய்வுகளைச் சேர்த்து 1,408 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, கிருமி ஒழிந்த பிறகு நோய் மறைந்தவர்கள் 77.5 சதவீதம். ஆரம்பக் கட்டம், அதாவது இரைப்பையைத் தாண்டாத நிலை என்றால் பலன் இன்னும் நல்லா இருந்தது. சுவரின் மேலடுக்கிலேயே நின்றிருந்தால் மிக நல்லது.

ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லணும். இந்த யோசனைக்குத் துப்பு முன்னாடியே கிடைச்சிருந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில், ஏழை ஜனங்களின் சிறுகுடலில் வருகிற ஒரு லிம்ஃபோமா, ஆரம்பத்திலேயே பிடித்தால் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளிலேயே அடங்குவதை 1970-களிலேயே பார்த்திருந்தாங்க. இந்தியாவிலும் அந்த நோய் பதிவாகியிருக்கு. ஆனால் அது ஏதோ தனிப்பட்ட விசித்திரம் என்று ஒரு ஓரமா கிடந்தது. கிரீஸில் மிஸோலோங்கி ஊரின் ஜான் லிகூதிஸ் என்கிற டாக்டர் 1958-இலிருந்தே அல்சருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குணப்படுத்தி, அதுக்குப் பரிசா அபராதம் கட்டினார். அவர் சொன்னதை யாராவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனை இரைப்பைகள் மிஞ்சியிருக்கும்னு சில ராத்திரிகளில் தோணும்.

சரி, மாத்திரைக்கு அடங்காத அந்த இருபத்திச் சொச்சம் சதவீதம்?

அதிலும் காரணம் கண்டுபிடிச்சாங்க. 11வது குரோமோசோமும் 18வது குரோமோசோமும் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்வதால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய், 'பெருகு, பெருகு' என்கிற சிக்னல் நிரந்தரமா எரிய ஆரம்பிச்சுடுது. 1999-இல் அந்த ஒட்டுமரபணுவைப் பிடிச்சாங்க, 2001-இல் இது உள்ள கட்டிகள் ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாதுன்னு லான்செட்டிலேயே எழுதினாங்க. விறகைப் பிடுங்கியும் பானை கொதிக்குதுன்னா, பானையே ஸ்டவ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். வேடிக்கை என்னன்னா, இந்த மாற்றம் உள்ளவை வேகமான பெரிய அணு லிம்ஃபோமாவாக மாறுவது அபூர்வம். அடங்காது, ஆனா வெறியும் பிடிக்காது.

இவங்களுக்குக் கதிர்வீச்சு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 17 பேருக்கு, நடுத்தர அளவா 30 கிரே, நாலு வாரம் போல பிரித்துக் கொடுத்த முடிவை 1998-இல் வெளியிட்டாங்க. அத்தனை பேருக்கும் நோய் மறைஞ்சது. சாதாரண இரைப்பைப் புற்றுக்குக் கொடுப்பதைவிட இது குறைந்த அளவு. இரைப்பை ஒரு இடத்தில் நிற்காத உறுப்பு, சாப்பிட்டா உப்பும், மூச்சு விட்டா ஆடும், பக்கத்திலேயே சிறுநீரகம் வேற. அதனால் காலையில் வெறும் வயிற்றோடு வரச்சொல்லிக் கொடுப்பாங்க. பரவின நோய்க்கோ, கதிர்வீச்சு முடியாதவங்களுக்கோ ரிடக்ஸிமாப். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து; பி அணுவின் மேல் இருக்கிற ஒரு கொக்கியைப் பிடித்துத் தாக்கும்.

கத்தி என்ன ஆச்சு? ஜெர்மனியில் 1992-இல் ஆரம்பித்த ஒரு பெரிய ஆய்வில், வெட்டினவங்களையும் வெட்டாமல் கதிர்வீச்சு, கீமோ மட்டும் எடுத்தவங்களையும் ஒப்பிட்டாங்க. 2001-இல் வெளியான முடிவு: இரண்டு பக்கமும் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதத்துக்கு மேல், பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் இல்லைன்னா, இரைப்பையை வெச்சிருக்கிறவங்கதானே ஜெயிச்சவங்க? இன்னிக்கு இந்த நோயில் அறுவை என்பது ஓட்டை விழுந்தாலோ, எதற்கும் நிற்காத ரத்தப்போக்கு வந்தாலோ மட்டும்தான்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமா தோணுறது மாத்திரை கூட இல்லை. மாத்திரைக்கு அப்புறம் வருகிற காத்திருப்பு. அதைச் சொல்லணும்னுதான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

தென்காசிப் பக்கம் என் மாமா ஒருத்தருக்கு இந்த நோய் வந்தது. ஆரம்பக் கட்டம், கிருமி இருக்கு. பதினாலு நாளைக்கு மாத்திரை எழுதி, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு டாக்டர் அனுப்பிட்டார். அன்னிக்கு ராத்திரி அத்தை எனக்கு போன் பண்ணி, "ஏல, கேன்சருங்காவ, தொண்டைவலிக்குக் குடுக்க மாத்திரையக் குடுத்து அனுப்புதாவ. கைய விரிச்சுட்டாவளோ?" என்று அழுதாங்க. அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் என்னைத் தூங்க விடலை. பெரிய நோய்க்குப் பெரிய வைத்தியம் என்பது நம்ம ரத்தத்தில் ஊறின கணக்கு. சின்ன வைத்தியம் கொடுத்தா, ஒண்ணு நோய் சின்னது, இல்லேன்னா நம்பிக்கை இல்லை. நடுவுல மூணாவதா ஒரு சாத்தியம் இருக்குன்னு அத்தைக்கு எப்படிப் புரியவைக்கிறது? ஃபெல்ட்ரே ஆறு பேர் கதையைத்தான் சொன்னேன். பாதி புரிஞ்சது, பாதி எனக்காகத் தலையாட்டினாங்க.

மூணாவது மாசம் கிருமி போயிருந்தது. ஆனா துணுக்கில் இன்னும் லிம்ஃபோமா அணுக்கள். வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணிடலாம்னு பெரியவங்க ஒரு பக்கம். மாமா மட்டும் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போயிட்டார்.

இந்த இடத்தில்தான் ஜெர்மனியின் ஃபிஷ்பாக் குழுவின் 2007 ஆய்வு எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சது. கிருமி ஒழிந்து, கண்ணுக்குக் கட்டி தெரியாமல், துணுக்கில் மட்டும் மிச்சசொச்சம் இருந்த 108 பேரை ஒன்றும் செய்யாமல், கவனிச்சுக்கிட்டு மட்டும் இருந்தாங்க. சராசரியா மூன்றரை வருஷம். 94 சதவீதம் பேருக்குக் கெடுதல் ஒன்றும் வரலை. அதில் மூன்றில் ஒரு பங்குக்குத் தானாவே முழுசா மறைஞ்சும் போச்சு, மத்தவங்களுக்கு அப்படியே அசையாமல் நின்றது. விறகைப் பிடுங்கின உடனே பானை ஆறிடுமா? கொஞ்ச நேரம் சலசலன்னுட்டுதான் இருக்கும். 2011-இல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி எழுதின வழிகாட்டியில், நோய் முன்னேறாத வரை குறைந்தது ஒரு வருஷம் பொறுங்க, ரெண்டு வருஷம் வரை கூடப் பொறுக்கலாம் என்றே போட்டாங்க. கிருமி இல்லை என்று சோதனை சொன்னாலும் ஒரு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னாங்க. அப்படியும் சிலருக்கு நோய் அடங்குது. மாமாவுக்கு பதினாலாவது மாசம் துணுக்கு சுத்தமா வந்தது.

வெட்டுவது கஷ்டம்தான். வெட்டாமல் இருக்கச் சொல்லி, அதுக்குக் காரணம் காட்டி, ஒரு குடும்பத்தை ஒரு வருஷம் பொறுக்க வைப்பது அதைவிடக் கஷ்டம். அத்தனைக்கும் ஒவ்வொரு சில மாசமும் எண்டோஸ்கோப்பிக் குழாயை விழுங்கணும். நோய் மறைந்த பிறகும் மறைந்ததுன்னு விட்டுட முடியாது. கிருமி திரும்ப வந்தா லிம்ஃபோமாவும் திரும்ப வரலாம். மைக்ராஸ்கோப்பில் சுத்தமா தெரிகிறவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு மரபணுச் சோதனையில் அந்தப் பழைய அணுவின் வம்சம் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்காங்க. அதனால் இது வருஷா வருஷம் போய்ப் பார்க்க வேண்டிய உறவு.

குழப்பம் வந்துடக் கூடாது என்பதால் இன்னொன்று. இரைப்பையில் பெரிய அணு லிம்ஃபோமா என்று வேகமான ரகமும் உண்டு. அதில் இந்த மாதிரி ஆற அமரக் காத்திருக்க முடியாது. ரிடக்ஸிமாபோடு சேர்த்த கீமோதான் வழக்கம், தேவைப்பட்டால் கதிர்வீச்சு. பலனும் நல்லாவே இருக்கு. தைவான் டாக்டர்கள் அதிலும் ஆரம்பக் கட்டத்தில், கிருமி உள்ள சிலருக்கு மாத்திரையிலேயே மறைவதைக் காட்டியிருக்காங்க. ஆனா அது வாரக்கணக்கில் எண்ணி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. பேத்தாலஜி ரிப்போர்ட்டில் எந்த ரகம்னு இருக்கிற அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கு.

இப்ப புதுசா வந்திருக்கிற தலைவலி, மாத்திரையே. 1990-களில் ஒரு வாரம் கொடுத்து ஒழித்த கிருமி இப்ப கிளாரித்ரோமைசினுக்கு அசைய மாட்டேங்குது. நம்ம நாட்டில் இது அதிகம். சளிக்கும் ஜுரத்துக்கும் ஆன்டிபயாட்டிக்கை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி முழுங்கின புண்ணியம். அதனால் இன்னிக்கு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை என்று நாலும் சேர்த்து பதினாலு நாள் கொடுப்பது முன்னுக்கு வந்திருக்கு. மலம் கறுப்பாப் போகும், வாய் இரும்பு கடிச்ச மாதிரி இருக்கும், குமட்டும். மாமா எட்டாவது நாள் நிறுத்தப் பார்த்தார். அத்தை நிறுத்த விடலை.

இந்தப் பக்கம் கதிர்வீச்சும் பில்ரோத் காலத்திலிருந்து வந்த திசைக்கு நேர் எதிரா, இளைச்சுக்கிட்டே போகுது. 30 கிரே என்பது 24 ஆச்சு. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சனில் வெறும் 4 கிரே மட்டும் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது, அடங்கலேன்னா மட்டும் மேற்கொண்டு 20 கிரே கொடுப்பது என்று ஒரு ஆய்வு செய்தாங்க. 2024-இல் முடிவு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்த 4 கிரேயே போதுமானதா இருந்திருக்கு.